களமும் பந்தியும்



பள்ளிப் படிப்பை முடித்து நாற்பது ஆண்டுகள் கழிந்த ஒருவரை அணுகி, அவருடைய உயர்நிலைப் பள்ளி நாட்களைப் பற்றிச் சொல்லுமாறு கேட்டுப் பாருங்கள். எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் பெற்றார் என்பதை அவர் பெரும்பாலும் மறந்திருப்பார். ஆனால், வெளியூர்ப் பள்ளியோடு ஆடிய ஆட்டம், ஆண்டு விழா நாடகத்தில் தாம் ஏற்ற வேடம், மன்றக் கூட்டத்தில் பேச எழுந்து நா வறண்டு நின்ற நிமிடம், மரத்தடியில் வட்டமாக அமர்ந்து பகிர்ந்து உண்ட உணவு ஆகியவற்றை நேற்று நடந்தவை போல விவரிப்பார். பாடத்திட்டத்துக்கு வெளியே நிகழ்ந்தவையே அவர் நெஞ்சில் பள்ளியாக நிலைத்து நிற்கின்றன.

இவையெல்லாம் பள்ளி தோன்றிய நாள் முதலே அதனோடு இருந்தவை என்று நாம் எண்ணிக் கொள்கிறோம். அது சரியன்று. விளையாட்டுக்கும், மன்றத்துக்கும், மதிய உணவுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. ஒவ்வொன்றும் பள்ளிக்குள் நுழைந்தபோது ஒரு கேள்வி எழுந்தது. இதில் யார் யார் சேரலாம் என்பதே அந்தக் கேள்வி. அதற்கு நம் நாடு எவ்வாறு விடை கண்டது என்பதையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர்ச் செல்வோம். சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ, 1822ஆம் ஆண்டில் மாகாணத்திலுள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு மாவட்ட ஆட்சியர்களைப் பணித்தார். 1826ஆம் ஆண்டில் அவர் எழுதிய குறிப்பில் அதன் முடிவுகள் காணப்படுகின்றன. மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் 1,88,650 பேர் பயின்றனர். அக்காலத்து நிலையில் இது வியக்கத்தக்க எண்ணிக்கையே. ஆனால், அதே கணக்கில் மற்றோர் எண்ணும் இருக்கிறது. பயின்றவர்களில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. நூறு பிள்ளைகளில் மூன்று பெண்கள்கூட இல்லை என்பதே இதன் பொருள்.

அன்றைய திண்ணைப் பள்ளியின் அன்றாடத்தைப் பல்லாரி மாவட்ட ஆட்சியராக இருந்த கேம்பெல், 1823ஆம் ஆண்டில் சுவையாக எழுதி வைத்தார். காலையில் முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும். அது அவனுக்குச் சிறப்பு. இரண்டாவதாக வந்தவனுக்குச் சுழியம். புகழும் இல்லை, இகழும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்லிய அடி ஒன்று, நான்காமவனுக்கு இரண்டு. தாமதம் ஏற ஏற அடியும் ஏறும். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். இம்முறையைச் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், தாம் நடத்திய அனாதைப் பிள்ளைகள் பள்ளியில் அதைக் கையாண்டு, 1797ஆம் ஆண்டில் ஒரு நூலாகவும் எழுதி இங்கிலாந்தில் பரப்பினார். ‘சென்னை முறை’ என்ற பெயரே அதற்கு அங்கு வழங்கிற்று.

திண்ணைப் பள்ளிக்கு அமாவாசையும் பௌர்ணமியும் விடுமுறை. நவராத்திரி வந்தால் பிள்ளைகள் கோலாட்டக் கழிகளோடு வீடு வீடாகச் சென்று பாடியாடுவர். கிடைக்கும் காணிக்கை ஆசிரியருக்குச் சேரும். பள்ளி ஆண்டில் பிள்ளைகளுக்கு வாய்த்த பொதுவிழா ஏறக்குறைய அதுதான். கிட்டிப்புள்ளும் பம்பரமும் சடுகுடுவும் தெருவுக்குரியவை. ஆசிரியரின் கண்ணில் படாதவரை நலம்! விளையாட்டு என்பது படிப்புக்குப் பகை என்று கருதப்பட்ட காலம் அது.

ஆங்கிலக் கல்வி வந்த பிறகு இந்நிலை மாறியதா? முதலில் அது இன்னும் இறுகியது என்றே சொல்ல வேண்டும். 1857ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. மெட்ரிகுலேஷன் தேர்வில் வென்றவனுக்குக் கல்லூரியும் அரசாங்க உத்தியோகமும் கதவு திறந்தன. அதனால், தேர்வே பள்ளி ஆண்டின் தலைவனாக அரியணை ஏறியது. மாணவன் விளக்கு வெளிச்சத்தில் கண் சிவக்கப் படித்தான். அவனுக்கு உடல் ஒன்று உண்டு என்பதைப் பள்ளி நினைக்கவில்லை. 1882ஆம் ஆண்டில் அமைந்த ஹண்டர் கல்விக் குழு இதைக் கண்டு, நாட்டு விளையாட்டுகளையும் தேகப் பயிற்சியையும் பள்ளிகள் ஊக்குவிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை நல்லதே. ஆயினும், பல பள்ளிகளில் அதன் பயன் ‘டிரில்’ என்னும் அணிவகுப்பு அளவிலேயே நின்றது. கட்டளைக்குக் கை தூக்குவதும் கால் மடக்குவதும் உடலுக்குப் பயிற்சியாகலாம். ஆனால், அது விளையாட்டாகாது. விளையாட்டில் மாணவன் தானே முடிவு செய்ய வேண்டும், தோழனை நம்ப வேண்டும், தோற்றால் சிரித்துக் கை குலுக்க வேண்டும்.

இந்த வேறுபாட்டை உணர்த்திய பெருமை ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கருக்கு உரியது. அவர் 1920ஆம் ஆண்டில் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். இந்தியாவில் இத்துறைக்கென எழுந்த முதற் கல்லூரி அதுவே. இன்று நந்தனத்தில் அக்கல்லூரியைக் காணலாம். 1924ஆம் ஆண்டில் பாரிசு ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சென்ற இந்திய அணிக்கு மேலாளராக உடன் சென்றவரும் பக் அவர்களே. அவரிடம் பயின்றவர்கள் ஊர் ஊராகச் சென்று தேகப்பயிற்சி ஆசிரியர்களாகப் பணியாற்றினார்கள். அவர்கள் கையில் ஒரு பந்தும் ஒரு வலையும் இருந்தன.

அந்தப் பந்தும் வலையும் வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். கூடைப்பந்தை 1891ஆம் ஆண்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவரும், வாலிபால் என்னும் கைப்பந்தை 1895ஆம் ஆண்டில் வில்லியம் மார்கன் என்பவரும் அமெரிக்காவிலுள்ள ஒய்.எம்.சி.ஏ. நிலையங்களிலேயே உருவாக்கினர். அந்தச் சங்கத்தின் வழியாகவே இவை நம் பள்ளிகளை அடைந்தன. கைப்பந்து நம் கிராமத்துப் பள்ளிகளில் விரைவில் வேரூன்றியதற்குக் காரணம் எளிது. கிரிக்கெட்டுக்குப் பரந்த மைதானமும் விலையுயர்ந்த மட்டைகளும் வேண்டும். கைப்பந்துக்கு இரண்டு கம்பங்கள், ஒரு வலை, ஒரு பந்து, சிறிது சமதரை ஆகியவை போதும். பன்னிருவர் ஒரே வேளையில் ஆடலாம்.

இந்த இடத்தில் நம் சடுகுடுவைப் பற்றிச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அணிக்கு எழுவர். ஒருவன் மூச்சை அடக்கிப் பாடிக்கொண்டே எதிரணியின் எல்லைக்குள் நுழைவான். அவன் யாரையேனும் தொட்டுத் திரும்பினால் தொடப்பட்டவன் வெளியேற வேண்டும். எதிரணியினரோ அவனைப் பிடித்து மூச்சு முறியும்வரை அமுக்க வேண்டும். இந்த ஆட்டத்தின் சட்டம் முழுவதும் ‘தொடுதல்’ என்ற ஒன்றையே ஆதாரமாகக் கொண்டிருக்கிறது. மனிதனை மனிதன் தொட்டால் தீட்டு என்று கருதிய ஒரு சமுதாயத்தில், தொட்டால்தான் வெற்றி, கட்டிப் பிடித்தால்தான் வெற்றி என்னும் ஆட்டம் பள்ளிக்குள் வந்து அமர்ந்தது! தெருவில் அவரவர் கூட்டத்தோடு அவரவர் ஆடினர். பள்ளிக் களத்திலோ அணியைப் பிரித்தவர் ஆசிரியர். யார் வேகமாக ஓடுவான், யாருக்கு மூச்சு நீளம் என்பவற்றையே அவர் பார்த்தார். பிற்காலத்தில் இந்த ஆட்டம் கபடி என்ற பெயரில் 1990ஆம் ஆண்டு பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டிகளிலேயே இடம் பெற்றது. ஆனால், அதைவிடப் பெரிய வெற்றியை அது நம் பள்ளிக் களங்களில் ஓசையின்றிப் பெற்றது என்றே நான் கருதுகிறேன்.

சாரணர் இயக்கத்தின் வரலாறும் இத்தகையதே. பேடன் பவல் இங்கிலாந்தில் தொடங்கிய இயக்கம் இந்தியாவுக்கு வந்தபோது, அது ஐரோப்பியச் சிறுவர்க்கும் ஆங்கிலோ இந்தியச் சிறுவர்க்குமே உரியதாக இருந்தது. நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் அதைக் கண்டு வாளாவிருக்கவில்லை. 1917ஆம் ஆண்டை ஒட்டிச் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தை அமைத்தார்கள். 1921ஆம் ஆண்டில் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது அச்சங்கம் அவருடைய இயக்கத்தோடு இணைந்தது. நாடு விடுதலை பெற்ற பின், 1950ஆம் ஆண்டில் ‘பாரத சாரண சாரணியர்’ என்னும் ஒரே அமைப்பு உருவாயிற்று. உங்கள் பள்ளியில் கழுத்துப் பட்டையை அணிந்து நிற்கும் ஒவ்வொரு சிறுவனும் சிறுமியும், ஒரு காலத்தில் மூடியிருந்த கதவின் வழியாக வந்தவர்கள் என்பதை மறவாதீர்கள்.

இனி, பந்திக்கு வருவோம். களத்தில் சேர்ந்து ஆடுவதைக் காட்டிலும் பந்தியில் சேர்ந்து உண்பது கடினமாக இருந்தது. சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த சர் பிட்டி தியாகராயர், 1920ஆம் ஆண்டில் ஆயிரம்விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்க ஏற்பாடு செய்தார். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது ஏற்பாடு. பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்னும் எளிய உண்மையை உணர்ந்த செயல் அது.

அடுத்த சில ஆண்டுகளிலேயே நெல்லைச் சீமையிலிருந்து மற்றொரு செய்தி வந்தது. விடுதலை வீரரும் சிறந்த எழுத்தாளருமாகிய வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் நடத்தி வந்தார். தேசியக் கல்வியே அதன் நோக்கம்; பொதுமக்கள் நன்கொடையும் காங்கிரசின் உதவியும் அதற்குக் கிடைத்தன. அங்கே பிராமணச் சிறுவர் இருவருக்கு, அவர்களுடைய பெற்றோரின் விருப்பப்படி, தனியாக உணவளிக்கப்பட்டது. இச்செய்தி வெளியானதும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கடுமையாக எதிர்த்தனர். பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில் பந்தி எப்படி இரண்டாகலாம் என்பது அவர்கள் கேள்வி. இருவர்தாமே, பெற்றோர் வேண்டுகோள்தானே என்பது மறுதரப்பின் விடை. 1924, 1925ஆம் ஆண்டுகளில் இந்த வாதம் தமிழ்நாட்டையே உலுக்கிற்று. 1925ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பாபநாசத்து அருவியில் விழுந்த தம் மகளைக் காப்பாற்ற முயன்று ஐயர் உயிர் நீத்தார். அந்தத் துயர முடிவு எவர் நெஞ்சையும் உருக்கும். அவருடைய தியாகத்தைப் போற்றுவோம். அதே வேளையில், இரண்டு இலைகளைப் பற்றிய வாதம் ஏன் ஒரு நாட்டின் வாதமாயிற்று என்பதையும் உணர்வோம். பள்ளியின் பந்தியில் பிள்ளை கற்றுக்கொள்வது எந்தப் பாடநூலைக் காட்டிலும் ஆழமாகப் பதிகிறது. தன் இலை தனியே போடப்பட்டதைக் கண்ட பிள்ளையும், தன் இலையிலிருந்து மற்றவன் இலை விலக்கப்பட்டதைக் கண்ட பிள்ளையும் அதை வாழ்நாள் முழுவதும் மறப்பதில்லை.

காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956ஆம் ஆண்டு தொடங்கி மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவியது. கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அதற்குத் துணை நின்றார். ஊர் மக்கள் அரிசியும் பருப்பும் விறகும் தந்தனர். பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மேசை நாற்காலிகளும் கரும்பலகைகளும் மக்கள் கொடையாகக் குவிந்தன. பின்னர் 1982ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022ஆம் ஆண்டில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் சேர்ந்தது. ஓரணாச் சிற்றுண்டியிலிருந்து இவ்வளவு தொலைவு வர நமக்கு நூறாண்டுகள் ஆயின.

நான் உயர்நிலைப் பள்ளியில் பயின்றது 1970ஆம் ஆண்டுக்குப் பின்னர். அக்காலத்தில் பதினோராம் வகுப்பின் முடிவில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு நடைபெற்றது; 1978ஆம் ஆண்டில்தான் மேல்நிலை வகுப்புகள் வந்தன. எங்கள் பள்ளி ஆண்டு ஜூன் மாதத்தில் புத்தக வாசனையோடு தொடங்கும். சூலையில் மாணவர் மன்றத் தேர்தல். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் மன்றம் கூடும். “அவைத் தலைவர் அவர்களே” என்று தொடங்குவதற்குள் பேச வந்தவனின் முழங்கால்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிவிடும். ஆகஸ்டில் கொடியேற்றம், அக்டோபரில் சரசுவதி பூசைக்குப் பொரியும் கடலையும், தை பிறந்தால் விளையாட்டு விழா, மாசியில் ஆண்டு விழாவும் நாடகமும், பிறகு பிரிவுபசார விழாவும் குழுப்படமும். அந்தப் படத்துக்கு எங்களை நிறுத்தியவர் பார்த்தது உயரம் ஒன்றையே. குட்டையானவர்கள் முன்னே, நெட்டையானவர்கள் பின்னே. எந்தத் தெருவிலிருந்து வந்தவன் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் அந்நாளில் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை இருந்தது. ஒரு சாராருக்கு உள்ளே கண்ணாடிக் குவளை. மற்றவர்க்கு வெளியே கூரையில் செருகிய கொட்டாங்கச்சி. ஆனால், எங்கள் தேகப்பயிற்சி ஆசிரியர், விளையாட்டுக் களத்தின் ஓரத்தில் ஒரே பானையும் ஒரே குவளையும் வைத்திருந்தார். ஆடி முடித்தவர்கள் அதில்தான் நீர் அருந்த வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் சிலர் வந்து முறையிட்டார்கள். “ஐயா, ஆடும்போது கட்டிப் புரண்டவர்கள், குடிக்கும்போது விலகி நிற்பது எப்படி?” என்று மட்டுமே அவர் கேட்டார். சில நாட்கள் பேச்சு நடந்தது. இரண்டு பிள்ளைகள் ஆட வராமல் நின்றார்கள். பானை மட்டும் மாறவில்லை. அடுத்த பருவத்தில் அந்த இருவரும் தாமாகவே திரும்பி வந்தார்கள். அந்த ஆசிரியர் சமத்துவத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவும் ஆற்றியதாக எனக்கு நினைவில்லை.

பிற்காலத்தில் நான் தலைமையாசிரியராக இருந்தபோது, பத்தாம் வகுப்புக்குரிய விளையாட்டுப் பாடவேளைகளைக் கணக்குப் பாடத்துக்குத் தருமாறு பெற்றோர் சிலர் ஆண்டுதோறும் வந்து கேட்பார்கள். நான் இசைந்ததில்லை. காலையில் அரை மணி முன்னதாகக் கணக்கு வகுப்பு வைக்கிறேன். மாலையில் களத்தை மட்டும் பிள்ளைகளிடமிருந்து எடுக்காதீர்கள் என்பேன். தேர்வு, பிள்ளைகளை ஒருவனுக்கு மேல் ஒருவனாக வரிசைப்படுத்துகிறது. அது தேர்வின் இயல்பு. களமும் பந்தியும் மன்றமும் ஒருவனுக்கு அருகில் ஒருவனை நிறுத்துகின்றன. இரண்டும் வேண்டும். ஒன்றே போதும் என்னும் பள்ளி, ஒற்றைக் காலில் நிற்கும் பள்ளியாகும்.

இந்த வரலாறு முடிந்துவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால், 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நாம் அறிவோம். பள்ளி மாணவர் சிலர், தம்மோடு பயின்ற மாணவன் ஒருவனின் வீட்டுக்குள் புகுந்து, சாதிப் பகையால் அவனையும் அவன் தங்கையையும் அரிவாளால் வெட்டினர். அதன் பிறகு அரசு, நீதிநாயகம் சந்துருவைக் கொண்டு ஒருவர் குழுவை அமைத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் மணிக்கட்டில் அணிவதைத் தடை செய்ய வேண்டும் என்பது, 2024ஆம் ஆண்டில் அக்குழு அளித்த பரிந்துரைகளுள் ஒன்று. தியாகராயரின் ஓரணாச் சிற்றுண்டிக்கு நூறாண்டுகள் கழிந்த பின்னும், ஒரு முழக் கயிற்றைப் பற்றி ஒரு குழு எழுத வேண்டியிருக்கிறது! குழுப்படத்தில் உயரம் பார்த்து நின்ற பிள்ளைகளை நிறம் பார்த்துப் பிரிக்கும் கயிறு அது.

சட்டம் கயிற்றை அறுக்கலாம். ஆனால், அறுந்த இடத்தில் வேறொன்று கட்டப்பட வேண்டும். அதைக் கட்டவேண்டியவர்கள் நீங்கள். நாளை உங்கள் பள்ளியில் அணி பிரிக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால், உங்களோடு எப்போதும் இருப்பவனை மட்டும் அழைக்காதீர்கள். ஓரமாக நின்று பார்த்துக் கொண்டிருப்பவனை முதலில் அழையுங்கள். மன்றத்தில் இதுவரை பேசாத மாணவிக்கு ஒருமுறை மேடையை விட்டுக் கொடுங்கள். மதிய வேளையில் தனியே அமர்ந்து உண்பவனின் அருகில் உங்கள் தட்டை எடுத்துக் கொண்டு போய் அமருங்கள். இவை சிறிய செயல்களே. ஆயினும், இருநூறு ஆண்டுகளில் நம் பள்ளிகள் அடைந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி, இத்தகைய சிறிய செயல்களை யாரோ ஒருவர் துணிந்து செய்ததால் வந்ததே ஆகும்.